அறிபுனை ரசிகர் மாநாட்டில் பேனலில் பேசப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடுகளில் முதல் தடவை பேனலில் உட்காரப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனலில் நன்றாகப் பேசுகிறவரைவிட, பக்கத்தில் இருப்பவர் பேசுவதை நன்றாகக் கேட்கிறவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

ரசிகர் மாநாடு என்றால் நடிகர்கள் வந்து கையெழுத்துப் போடும் விழாதானே?

இல்லை. அது வேறு வகை. அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் மேடையில் இருக்கும் பிரபலத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். ரசிகர் மாநாட்டை நடத்துவது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நீங்கள் கட்டும் பணத்துக்குப் பெயர் டிக்கெட் அல்ல, உறுப்பினர் கட்டணம். இந்த வகையில் பெரியது வேர்ல்ட்கான். 1939இல் நியூயார்க்கில் சுமார் 200 பேருடன் தொடங்கியது. போர் காரணமாக 1942 முதல் 1945 வரை மட்டும் நடக்கவில்லை. மற்றபடி ஆண்டுதோறும் வெவ்வேறு நகரத்தில், வெவ்வேறு குழுவினர் நடத்திவருகிறார்கள். 1953இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட ஹ்யூகோ என்ற அறிபுனை விருதுக்கு வாக்களிப்பதும் இந்த உறுப்பினர்கள்தான். பிரிட்டனில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ஈஸ்டர்கானும் இதே மரபில் வந்தது.

இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் வெறும் பார்வையாளர் இல்லை. மாநாட்டில் அவரும் உங்களைப் போல ஓர் உறுப்பினர். கடைசி வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் அம்மா நாற்பது வருடமாக இந்தக் கதைகளைப் படித்துவருபவராக இருக்கலாம். உங்கள் தலைப்பில் முனைவர் பட்டம் வாங்கியவராகவும் இருக்கலாம். அதனால் பாடம் நடத்தும் தொனி இங்கே எடுபடாது.

பேனலில் என்ன நடக்கும்?

ஒரு நீள மேசை, நான்கைந்து பேர், அதில் ஒருவர் நெறியாளர். நேரம் பெரும்பாலும் 50 அல்லது 60 நிமிடம். தலைப்பும் இரண்டு மூன்று வரி விளக்கமும் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். தனித்தனி உரைகள் கிடையாது. பேசுகிறவர்கள் தங்களுக்குள் உரையாடுவார்கள், கடைசிப் பகுதியில் அறையிலிருந்து கேள்விகள் வரும். மேடைப் பேச்சைவிட இது திண்ணைப் பேச்சுக்குத்தான் நெருக்கம். என்ன, திண்ணைக்கு எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் எழுத்தாளர் இல்லை. என்னையெல்லாம் கூப்பிடுவார்களா?

கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு மாநாட்டில் செவ்வாய்க் குடியிருப்புகள் பற்றி ஒரு பேனல். நான்கு பேரில் மூன்று பேர் நாவலாசிரியர்கள். நான்காமவர் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்ப்பவர், ஒரு கதைகூட எழுதியதில்லை. தன் முறை வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த நாவலாசிரியரிடம், “நான் பூமி, நீங்கள் செவ்வாய். அங்கே எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, “என் கேள்வி இன்னும் உங்களுக்கு வந்து சேரவில்லை” என்றார். அறையில் சிரிப்பு. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மூன்று நிமிடம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இப்போது வந்திருக்கும், சொல்லுங்கள்” என்றார். நாவலாசிரியர் “சௌக்கியம்” என்றார். இன்னும் மூன்று நிமிடம் போனது. யாரோ ஆக்சிஜன் தயாரிப்பது பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இவர் நடுவில் புகுந்து, “அப்பாடா, சௌக்கியமாம்” என்றார்.

இரண்டு கோள்களும் மிக அருகில் இருக்கும்போதே ரேடியோ சமிக்ஞை ஒரு வழி போக 3 நிமிடத்துக்கு மேல் ஆகும், தூரம் அதிகமாகும் காலத்தில் 22 நிமிடம் வரை ஆகும் என்பதை அதற்கு அப்புறம்தான் சொன்னார். அதற்குள் அந்தத் தாமதம் எப்படி இருக்கும் என்று அறையில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பேனலில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

நர்ஸ், மொழிபெயர்ப்பாளர், தையல் தெரிந்தவர், குதிரை வளர்ப்பவர், நூலகர், முப்பது வருடமாக விடாமல் படித்துவரும் வாசகர் என்று எல்லாருக்கும் பொருந்தும் தலைப்பு ஏதாவது ஒன்று இருக்கும். கதைகளில் வரும் காயங்கள் எவ்வளவு வேகமாக ஆறிவிடுகின்றன என்று ஒரு நர்ஸ் சொல்லிக் கேட்டால் எழுத்தாளர்கள் குறிப்பெடுப்பார்கள்.

விண்ணப்பிப்பது எப்படி?

மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு நிகழ்ச்சிக் குழு ஒரு படிவம் அனுப்பும் அல்லது மாநாட்டின் தளத்தில் போடும். உங்களைப் பற்றிச் சிறுகுறிப்பு, விருப்பமான தலைப்புகள், ஒரு நாளைக்கு எத்தனை அமர்வு முடியும், எந்த நேரம் முடியாது, மேடை ஏறச் சாய்தளம் போன்ற வசதி ஏதாவது தேவையா என்றெல்லாம் கேட்பார்கள். யாருடன் சேர்ந்து உட்கார விருப்பமில்லை என்றுகூடச் சில படிவங்களில் கேட்பதுண்டு. கூச்சப்படாமல் பதில் எழுதுங்கள், அதைக் குழு வெளியே சொல்லாது.

புதியவர்கள் செய்யும் தவறு, கண்ணில் பட்ட எல்லாத் தலைப்புக்கும் டிக் போடுவது. எழுபது தலைப்புக்கு டிக் போட்டவரை எதில் போடுவது என்று தெரியாமல் நிகழ்ச்சிக் குழு விழிக்கும். ஆறு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘நான் ஏன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். “எனக்கு இதில் ஆர்வம் அதிகம்” என்பது அந்த வரி இல்லை. “பன்னிரண்டு வருடம் கப்பலில் வேலை பார்த்தேன், மூடிய இடத்தில் மாதக்கணக்கில் ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி என்று தெரியும்” என்று எழுதினால் விண்வெளிக் கப்பல் பேனலில் உங்களுக்கு இடம் உறுதி.

முதல் வருடம் இரண்டு பேனல் போதும்.

பணம் தருவார்களா?

பெரும்பாலும் இல்லை. பயணமும் தங்குமிடமும் கொடுத்து அழைப்பது சிறப்பு விருந்தினர்களை மட்டும்தான். சில மாநாடுகள் பேனலில் பேசுகிறவர்களுக்கு உறுப்பினர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. வேர்ல்ட்கானில் பேசுகிறவர்களும் வழக்கமாகக் கட்டணம் கட்டித்தான் வருவார்கள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பணம் மிச்சமிருந்தால் திருப்பித் தருவது உண்டு. இதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் பயணச்சீட்டு போடுங்கள். கேட்பதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

எனக்குப் பொருந்தாத பேனலில் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

முதல் வரைவு அட்டவணை வந்ததுமே எழுதிவிடுங்கள். “இந்தத் தலைப்பில் நான் பேச ஒன்றுமில்லை, எடுத்துவிடுங்கள்” என்று ஒரு வரி போதும். அந்தக் கட்டத்தில் மாற்றுவது சுலபம். மாநாட்டுக்கு முந்தைய நாள் சொன்னால் யாரோ ஒரு தன்னார்வலரின் தூக்கம் போகும்.

இன்னொரு வகைப் பொருந்தாமை இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பெண் என்பதால் ‘அறிபுனையில் பெண்கள்’, ஆங்கிலமல்லாத மொழியில் எழுதுவதால் ‘உலக அறிபுனை’, சக்கர நாற்காலியில் வருவதால் ‘மாற்றுத்திறனும் எதிர்காலமும்’. இவற்றில் மட்டுமே உங்களைப் போட்டிருப்பார்கள். நீங்களோ படிவத்தில் ரோபோக்களைப் பற்றியும் காலப் பயணத்தைப் பற்றியும் எழுதியிருப்பீர்கள். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது, அவசரத்தில் கண்ணுக்கு எட்டிய பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆனாலும் கேளுங்கள்: “அந்த அமர்வுக்கு வருகிறேன், சரி. காலப் பயண அமர்விலும் ஓர் இடம் கொடுங்கள்.” நான் பார்த்தவரை இப்படிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது.

அந்த ‘உலக அறிபுனை’ பேனலில் இருக்கும் பொறி வேறு. “உங்கள் மொழி அறிபுனையைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்று ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். ஐந்து பேர், ஐந்து மொழி, ஐந்து சரித்திரச் சுருக்கம், அத்தோடு நேரம் முடிந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தொட்டிருக்கவே மாட்டார். அந்த வலையில் விழாதீர்கள். முழுச் சரித்திரத்தையும் சொல்ல முயலாமல், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதில் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து “உங்கள் பக்கம் இதை எப்படி எழுதுவார்கள்?” என்று கேளுங்கள். அங்கிருந்துதான் உரையாடல் தொடங்கும்.

எவ்வளவு தயார் செய்ய வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 நிமிட பேனல், நான்கு பேச்சாளர்கள், ஒரு நெறியாளர். அறிமுகத்துக்கு 5 நிமிடம், அறையிலிருந்து வரும் கேள்விகளுக்கு 15. மீதி 30. நெறியாளர் பேசுவதைக் கழித்தால் ஒருவர் பங்குக்கு ஆறு, ஏழு நிமிடம். அதுவும் சேர்ந்தாற்போல் கிடைக்காது. ஒன்றரை நிமிடத் துண்டுகளாக நான்கு தடவை வரும்.

என் முதல் பேனலுக்கு ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம் என்று நினைப்பு. இரண்டாவது பக்கத்தில் இருந்த விஷயத்தைப் பக்கத்தில் இருந்தவர் முதல் பதிலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் நானும் அதையே என் முறையில் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கைபேசிக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. தாளில் இருந்த கண்ணை எடுத்து மேசையில் நடந்ததைக் கவனித்திருந்தால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம்.

இப்போது என் கையில் இருப்பது ஒரு சின்ன அட்டைதான். அதில் சொல்ல விரும்பும் மூன்று விஷயங்கள், குறிப்பிட நினைக்கும் இரண்டு மூன்று புத்தகப் பெயர்கள், மற்றவர்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம், பலர் எழுதாமல் வருவதும் அதைத்தான். கூடப் பேசுகிறவர்கள் எழுதியது ஏதாவது இருந்தால் ஒரு சிறுகதையாவது படித்துவிட்டுப் போங்கள். புத்தகப் பெயர் சொல்லும்போது நிதானமாக, ஆசிரியர் பெயரோடு, இரண்டு தடவை சொல்லுங்கள். அறையில் பாதிப் பேர் எழுதிக்கொள்ளத்தான் வந்திருப்பார்கள்.

அறிமுகத்தில் என்ன சொல்வது?

பெயர், நீங்கள் யார், இந்தத் தலைப்புக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம். அரை நிமிடம். அவையடக்கம் வேண்டாம். “நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை” என்று தொடங்கினால் அறை உங்களை நம்பிவிடும், அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

மொழி சரளமாக வராது. போகலாமா?

போகலாம். மாநாடு எந்த மொழியில் நடந்தாலும், அந்த மொழி தாய்மொழி இல்லாதவர்கள் அறையில் கணிசமாக இருப்பார்கள். மெதுவாகப் பேசுகிறவருக்கு அவர்கள் மனதுக்குள் நன்றி சொல்வார்கள். நெறியாளரிடம் முன்கூட்டியே கேள்விகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சொல் வரவில்லை என்றால் சுற்றி வளைத்துச் சொல்லுங்கள், இல்லையா, அறையிடமே கேளுங்கள். மூன்று பேர் எடுத்துக்கொடுப்பார்கள்.

என் குரல் பெரிது. மைக் வேண்டாமே?

வேண்டும். காது கேட்கும் கருவி அணிந்தவர்களின் கருவியோடு அறையின் ஒலி அமைப்பு இணைக்கப்பட்டிருந்தால், மைக்கில் போகாத பேச்சு அவர்களுக்கு இல்லவே இல்லை. நேரடி எழுத்துவடிவமும் ஒலிப்பதிவும் மைக்கை நம்பித்தான் இருக்கின்றன. “மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கிறதுதானே?” என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்காதவருக்கு அந்தக் கேள்வியும் கேட்டிருக்காது.

என் புத்தகத்தைப் பற்றிச் சொல்லலாமா?

அறிமுகத்தில் ஒரு தடவை, தலைப்புக்கு உண்மையிலேயே பொருந்தினால் நடுவில் இன்னொரு தடவை. மேசைமேல் புத்தகத்தை நிறுத்திவைப்பது சில மாநாடுகளில் சகஜம், சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாக் கேள்விக்கும் “என் மூன்றாவது நாவலில்...” என்று தொடங்குகிறவரின் புத்தகத்தை நான் இதுவரை வாங்கியதில்லை.

ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்ய?

தடுத்து நிறுத்துவது நெறியாளரின் வேலை. அவர் செய்யவில்லை என்றால், பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவருடைய கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் கையில் கொடுங்கள்: “நீங்கள் எரிபொருள் என்றதும் ஞாபகம் வருகிறது, இவர் அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார், இல்லையா?” பேச்சைப் பிடுங்கி நீங்களே வைத்துக்கொண்டால் அது சண்டை. இன்னொருவருக்குக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வராது.

கண்ணாடியிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அதிகம் பேசுவது நாமாகவும் இருக்கலாம்.

என்னை நெறியாளராகப் போட்டுவிட்டார்கள்!

வாழ்த்துகள், வேலை இரண்டு மடங்கு. இரண்டு வாரம் முன்பே எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான்கைந்து கேள்விகளை அனுப்பி, எதைத் தொட வேண்டாம் என்று கேளுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேளுங்கள். மேடையில் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பதற்கே ஒரு நிமிடம் போய்விடும். ஆனால் மின்னஞ்சலிலேயே முழு விவாதத்தையும் நடத்திவிடாதீர்கள். அங்கே சூடாக நடந்துவிட்டால் மேடையில் ஆறிப்போன காபிதான்.

ஒரே கேள்வியை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவது மிக மோசமான முறை. நான்காவது ஆள் சொல்ல எதுவும் மிஞ்சாது. ஆளுக்குத் தகுந்த கேள்வியைக் கேளுங்கள், ஒருவர் சொன்னதோடு மற்றவரை மோதவிடுங்கள். பேசாமல் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். மைக்கை நோக்கி லேசாகச் சாய்ந்து மறுபடி பின்னால் போகிறார் என்றால் அவரிடம் ஏதோ இருக்கிறது, உடனே கூப்பிடுங்கள். உங்கள் சொந்தக் கருத்துகளை முக்கால்வாசி விழுங்கிவிடுங்கள். கஷ்டம்தான்.

பின்வரிசையில் ஒரு தன்னார்வலர் ‘10’, ‘5’ என்று அட்டை காட்டினால் தலையசைத்துப் பார்த்ததைத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் பாவம், அவர் கையைத் தூக்கியபடியே நிற்பார்.

“இது கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்று ஒருவர் ஆரம்பித்தால்?

எல்லா அமர்விலும் ஒருவர் இருப்பார். கேள்வி நேரம் தொடங்கும்போதே நெறியாளர் சிரித்துக்கொண்டே “ஒரு வாக்கியம், கடைசியில் கேள்விக்குறி” என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீறி நீண்டால் “நன்றி, அதில் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது” என்று அவருடைய ஒரு சொல்லை எடுத்துப் பேனலில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அறையில் சுற்றுமைக் இல்லையென்றால் வந்த கேள்வியை உங்கள் மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தெரியாத விஷயத்தைக் கேட்டால்? தப்பாகச் சொல்லிவிட்டால்?

“நான் அதைப் படிக்கவில்லை” என்று சொல்லலாம். வானம் இடிந்து விழாது. படித்த மாதிரி தலையாட்டினால்தான் அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள். தப்பாகச் சொன்னதை அறையில் ஒருவர் திருத்தினால் “ஓ, அப்படியா, நன்றி” என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். எதிரே இருப்பவர்கள் யார் என்று மேலே சொன்னேனே, திருத்தத்தான் செய்வார்கள்.

ஆறே பேர் வந்தால்?

நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு எல்லாருமாகப் பேசுங்கள். நான் இருந்த சிறந்த அமர்வுகளில் ஒன்று ஞாயிறு காலை முதல் அமர்வு, ஏழு பேருடன். எதிர்ப்பக்கக் கஷ்டமும் உண்டு. 2017இல் ஹெல்சிங்கியில் நடந்த வேர்ல்ட்கானில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்து, அறைகள் நிரம்பி, பலர் உள்ளே நுழைய முடியாமல் போனது. உங்கள் அறை நிரம்பினால் வழியை அடைத்துக்கொண்டு நிற்க அனுமதிக்க மாட்டார்கள், அது தீ விபத்துப் பாதுகாப்பு விதி. வாசலில் நிற்கும் தன்னார்வலரோடு யாராவது வாதாடினால் நீங்கள் தன்னார்வலர் பக்கம் நில்லுங்கள்.

இணையவழி பேனலுக்கு வேறு ஏதாவது?

நியூசிலாந்தில் நடக்கவிருந்த 2020 வேர்ல்ட்கான் கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறியது. அதிலிருந்து இந்த வகை பேனல்கள் பெருகிவிட்டன. நேர மண்டலத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். அட்டவணையில் இருப்பது மாநாட்டு நகரத்தின் நேரம், உங்கள் சுவர்க் கடிகாரத்தின் நேரம் இல்லை. பேசாதபோது ஒலியை அணைத்துவையுங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாததால் கையை உயர்த்திப் பேசும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்.

யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால்?

மாநாட்டுக்கு நடத்தை விதிகள் இருக்கும், அவை பேச்சாளருக்கும் பொருந்தும். போகும் முன் படியுங்கள், யாரிடம் புகார் சொல்வது என்பதையும் பார்த்துவையுங்கள். மேடையிலேயே ஒருவர் பக்கத்தில் இருப்பவரை மட்டம்தட்டினால் சிரித்து மழுப்பாதீர்கள். “அப்படிச் சொல்ல வேண்டாமே” என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும்.

முடிந்ததும்?

எழுந்துவிடுங்கள். அடுத்த அமர்வுக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். உங்களோடு பேச நான்கு பேர் மேசைக்கு வருவார்கள், அவர்களை அப்படியே தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பேனலில் சொல்ல முடியாமல் போன விஷயத்தையெல்லாம் அங்கே நின்று முக்கால் மணி நேரம் பேசலாம். கிளம்பும்போது மேசைமேல் இருக்கும் உங்கள் பெயர் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பல மாநாடுகளில் ஒரே அட்டைதான் கொடுப்பார்கள், அடுத்த பேனலுக்கும் அதுதான்.